தண்ணீர்மலைக் குரங்கும் அம்மாவின் கடல் பயமும்: பதற்றம் வந்த வழி

காலை ஏழரை மணி இருக்கும். தண்ணீர்மலைப் பகுதியில், பினாங்கு தாவரவியல் பூங்கா வாசலுக்குப் பக்கத்தில் குரங்குகளுக்குள் ஒரு சண்டை. யாரோ விட்டுப்போன நெகிழிப் பையில் ரொட்டித் துண்டு இருந்திருக்கிறது. சின்னப் பெண் குரங்கு ஒன்று அதை எடுத்ததும், பெரிய ஆண் பாய்ந்து வந்து அதன் பிடரியைக் கவ்வித் தரையோடு அழுத்தியது. நான்கைந்து விநாடிதான். பையை எடுத்துக்கொண்டு ஆண் போய்விட்டது. பெண் குரங்குக்குக் காயம் எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்ச் சுவர்மேல் உட்கார்ந்து, இடது முன்கையைச் சொறிய ஆரம்பித்தது. சொறியும், நிறுத்தி அந்த ஆணைப் பார்க்கும், மறுபடியும் சொறியும். பேன் பார்ப்பதுபோல நிதானமாக இல்லை. விரல்கள் ஒரே இடத்தில் வேகவேகமாக ஓடின.

முன்பெல்லாம் இதைப் பார்த்தால் ஏதோ பூச்சி கடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்துவிடுவேன். அது அரிப்பு இல்லை, பதற்றம் என்று தெரிந்த பிறகு அப்படி நடந்துபோக முடிவதில்லை.

நம் ஊரில் கெரா என்று சொல்கிறோமே, அந்த நீண்டவால் குரங்கைத்தான் இந்த விஷயத்தில் விஞ்ஞானிகள் உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார்கள். சண்டை முடிந்த அடுத்த சில நிமிடங்களில் அடி வாங்கிய குரங்கு தன்னைத் தானே சொறிந்துகொள்வது வெகுவாகக் கூடுகிறது என்பதை 1980களின் இறுதியில் நெதர்லாந்துக் குழு ஒன்று பதிவு செய்தது. அந்த நிமிடங்களில் அதற்கு மறுபடியும் அடி விழும் வாய்ப்பும் உண்மையிலேயே அதிகம். ஆக, அந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. சண்டை போட்ட இரண்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தொட்டு, பேன் பார்த்துச் சமாதானமாகிவிட்டால் சொறிதல் சட்டென்று குறைந்துவிடும். பிறகு 1996இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இதே இனக் குரங்குகளுக்கு லோராசிபாம் கொடுத்துப் பார்த்தார்கள். பதற்ற நோய்க்கு மனிதர்களுக்கு மருத்துவர் எழுதித் தருகிற அதே மாத்திரைதான். சொறிதல் குறைந்தது. பதற்றத்தைக் கூட்டுகிற வேறொரு மருந்தைக் கொடுத்தபோது அதிகமானது.

யோசித்துப் பாருங்கள், நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கிறவன் கழுத்தைத் தடவுகிறான், நகம் கடிக்கிறான், தலையைச் சொறிகிறான். உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். பயமும் பதற்றமும் ஒன்றல்ல. ஆண் குரங்கு பாய்ந்து வரும்போது இருப்பது பயம். ஆபத்து கண்ணெதிரே நிற்கிறது, செய்ய வேண்டியதும் தெளிவாக இருக்கிறது: ஓடு, அல்லது பணிந்து கிட. அது போன பிறகு வருவது பதற்றம். ஆபத்து இருக்கிறதா இல்லையா, திரும்பி வருமா வராதா என்று தெரியாத நிலை. ரொட்டியும் வேண்டும், அடியும் படக் கூடாது. போகவும் மனமில்லை, இருக்கவும் முடியவில்லை. இப்படி இரண்டுக்கும் நடுவில் உடம்பு முறுக்கிக்கொண்டு நிற்பதைத்தான் நாம் ‘மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது’ என்கிறோம்.

இது குரங்கோடு தொடங்கிய சங்கதி அல்ல. 2014இல் பிரான்சின் போர்டோ நகரத்தில் கிரேஃபிஷ் எனப்படும் நன்னீர் இறால் வகையை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கூட்டல் குறி வடிவத்தில் ஒரு தொட்டி, இரண்டு கைகளில் வெளிச்சம், இரண்டில் இருட்டு. சாதாரண கிரேஃபிஷ் இருட்டை விரும்பினாலும் வெளிச்சப் பக்கமும் எட்டிப் பார்க்கும். முன்கூட்டியே மின் அதிர்ச்சி கொடுத்துக் கலக்கப்பட்டவை வெளிச்சப் பக்கம் போகவே மறுத்தன. அதிர்ச்சி நின்ற பிறகும் அப்படித்தான். அவற்றின் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் கூடியிருந்தது. லோராசிபாம் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மருந்தைச் செலுத்தியதும் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. நமக்கும் இறாலுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த மூதாதையிடமே பதற்றம் இருந்ததா, இரு கிளைகளிலும் தனித்தனியே முளைத்ததா என்பது வேறு விவாதம். எப்படியிருந்தாலும் பாடம் ஒன்றுதான்: நரம்பும் கண்ணும் உள்ள ஓர் உயிர், எதிரி இருக்கக்கூடிய உலகத்தில் பிழைக்க வேண்டுமென்றால் இது தேவைப்பட்டிருக்கிறது.

எதற்குத் தேவை? சிறு வயதில் லோங்காங் என்கிற சாக்கடையில் பிடித்துப் பாட்டிலில் போட்டு வளர்த்தோமே, அந்தக் கப்பி மீன்களை வைத்து இதற்கு ஒரு விடை கிடைத்தது. லீ டுகட்கின் என்ற அமெரிக்க உயிரியலாளர் கப்பிகளை மூன்றாகப் பிரித்தார். எதிரி மீன் வந்தால் கிட்டே போய்ப் பார்க்கும் துணிச்சல்காரர்கள், நடுத்தரம், ஒதுங்கும் பயந்தாங்கொள்ளிகள். எல்லாவற்றையும் பாஸ் என்ற வேட்டை மீன் இருக்கும் தொட்டியில் விட்டார். 60 மணி நேரம் கழித்துப் பார்த்தால், பயந்தவற்றில் 40 விழுக்காடு உயிரோடு இருந்தன. நடுத்தரத்தில் 15 விழுக்காடு. துணிச்சலானவற்றில் ஒன்றுகூட இல்லை. 1992இல் வெளிவந்த ஆய்வு இது.

அப்படியானால் துணிச்சல் மீனே இல்லாமல் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. பெண் கப்பிகள் துணிச்சலான ஆண்களை அதிகம் விரும்புகின்றன என்பதையும் அதே டுகட்கின் பிறகு இன்னொருவரோடு சேர்ந்து காட்டினார். பாஸ் மீன் இல்லாத ஓடையில் துணிந்தவனுக்குத்தான் இரையும் துணையும். இருக்கிற ஓடையில் பயந்தவனுக்கு உயிர். எந்த ஓடையில் பிறக்கப்போகிறோம் என்பது எந்த மீனுக்கும் முன்னமே தெரியாது. அதனால்தான் பல இனங்களில் இரண்டு வகையும் கலந்தே பிறக்கின்றன. ஒரே வீட்டில் அண்ணன் தயங்குகிறவனாகவும் தம்பி பாய்கிறவனாகவும் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கப்பிகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

இப்போது அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலநடுக்கம். மதியத்துக்கு மேல் அலை பினாங்குக்கு வந்தது. இடையில் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் இருந்தது. ஆனால் எந்த எச்சரிக்கையும் இல்லை. விடுமுறைக்குக் கடற்கரைக்கு வந்திருந்த குடும்பங்கள் பத்து பெரிங்கியிலும் பாலேக் பூலாவ் பக்கமும் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அலை வந்தபோது அவர் கரையிலிருந்து எட்டத்தில், ஒரு கடையில் நின்றிருந்தார். தெருவில் ஆட்கள் ஓடி வந்ததைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவர் கடல் பக்கமே வரவில்லை. குடும்பமாகப் போகலாம் என்றால், “நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வேணாம்பா” என்பார். காரில் கடலோரச் சாலையில் போனால்கூட மலைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வருவார்.

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை மாலை. சுமத்ராவுக்கு அப்பால் மறுபடியும் நிலநடுக்கம், அளவு 8.6. இந்த முறை நாட்டில் எச்சரிக்கை அமைப்பு இருந்தது. பினாங்குக் கரையோர மக்களை விலகச் சொன்னார்கள். அடுக்குமாடியிலிருந்து ஆட்கள் குழந்தையும் பையுமாக இறங்கினார்கள். அம்மா மதியமே ஊறவைத்த அரிசியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே வந்து, இரவு வரை காருக்குள் உட்கார்ந்திருந்தார். அலை வரவில்லை. மறுநாள் கோப்பிக் கடையில் ஒருவர், “சும்மா பயங்காட்டிட்டானுங்க” என்று சலித்துக்கொண்டார்.

எனக்கு அந்தச் சலிப்பு தவறாகத் தெரிந்தது. இன்றும் அப்படித்தான். அந்த அரிசி வீணானதன் விலை சில ரிங்கிட். 2004இல் மணி அடிக்காமல் போனதன் விலை 52 உயிர்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் ராண்டால்ஃப் நெஸ்ஸி பதற்றத்தை இந்தக் கணக்கை வைத்துத்தான் விளக்குகிறார். சமையலறைக் கூரையில் மாட்டும் புகை எச்சரிக்கைக் கருவியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். தோசை கருகினாலும் அது அலறும். அதற்காக அதைக் கழற்றி எறிய மாட்டோம். உண்மையான தீயில் ஒருமுறைகூட அது வாய் மூடி இருந்துவிடக் கூடாது என்றால், கருகிய தோசைக்கும் அலறத்தான் வேண்டும். புல் அசைவது காற்றா புலியா என்று பார்த்துக்கொண்டு நின்ற முன்னோருக்கும் இதே கணக்குதான். சும்மா ஓடினால் செலவு ஒரு கைப்பிடிச் சோற்றின் சக்தி. ஓடாமல் நின்று அது புலியாக இருந்துவிட்டால் அத்தோடு வம்சமே முடிந்தது. நூறு முறை வீணாக ஓடினாலும், நூற்றோராவது முறை பிழைத்தால் லாபம். நாம் எல்லோரும் அப்படி வீணாக ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள். பதற்றம் பெரும்பாலும் ‘காரணமில்லாமல்’ வருவது அதில் உள்ள பழுது அல்ல. அது செய்யப்பட்டிருக்கும் விதமே அப்படி.

உடம்பில் நடப்பதும் இதற்கேற்பத்தான். ஆபத்து என்று மூளை சந்தேகப்பட்டதும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடித்து ரத்தத்தைக் கைகால் தசைகளுக்கு அனுப்புகிறது. ஓடப்போகிற உடம்புக்கு ஜீரணம் அவசரமில்லை என்பதால் வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது போல இருக்கிறது என்று நம் ஆட்கள் சொல்வது வெறும் அலங்காரம் இல்லை, வயிற்றில் நடப்பதைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915 வாக்கில் இதை விளக்கினார். சண்டை போடு அல்லது ஓடு என்ற நிலைக்கு உடம்பு தயாராகிறது என்றார். குரங்கைப் பார்த்தவர்கள் மூன்றாவதாக உறைந்து நிற்பதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

பதற்றம் என்னும் இந்தக் காவல்காரனுக்கு ஒரு குறை உண்டு. அவன் கையில் இருக்கும் எதிரிகளின் பட்டியல் மிகப் பழையது. பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். கிளைகளில் பச்சை விரியன்கள் அசையாமல் சுருண்டு கிடக்கும். அவற்றைக் கண்டதும் பின்வாங்குகிற அதே இளைஞர், வெளியே வந்து ஹெல்மெட்டின் வாரைக்கூடப் போடாமல் மோட்டார் சைக்கிளில் பறப்பார். மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஆனால் மோட்டார் சைக்கிளைப் பார்த்து யாருக்கும் வயிறு கலங்குவதில்லை. டார்வின்கூட லண்டன் விலங்குக் காட்சிசாலையில் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்த விரியன் பாம்பின் முன் முகத்தை வைத்துப் பார்த்தார். பாம்பு சீறிப் பாய்ந்தால் அசையக் கூடாது என்று உறுதியோடு நின்றார். அது பாய்ந்த நொடியில் துள்ளிப் பின்னால் போய்விட்டார். அறிவு சொன்னதை உடம்பு கேட்கவில்லை.

பாம்புப் பயத்தோடுதான் பிறக்கிறோமா என்றால் அதுவும் இல்லை. சூசன் மினேகாவும் மைக்கேல் குக்கும் 1980களில் ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றுக்குப் பாம்பைக் கண்டு பயமில்லை. வேறொரு குரங்கு பாம்பைப் பார்த்து அலறும் வீடியோவைக் காட்டியதும் கற்றுக்கொண்டன. அதே அலறலைப் பூவைப் பார்த்து அலறுவதுபோல ஒட்டிக் காட்டினார்கள். பூவுக்குப் பயப்பட அவை கற்றுக்கொள்ளவே இல்லை. ஆக, பிறக்கும்போது இருப்பது பயம் அல்ல, எதற்குப் பயப்படலாம் என்கிற சாய்வு. மிச்சத்தைப் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். கரப்பான் பூச்சியைக் கண்டு கத்தும் தாய்மார்களும் தகப்பன்மார்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

காவலுக்கும் கூலி உண்டு. கனடாவின் மேற்குக் கரையில் பாட்டுச் சிட்டு என்னும் குருவிகளை வைத்து நடந்த ஆய்வை 2011இல் வெளியிட்டார்கள். கூடுகளைச் சுற்றி மின்வேலியும் வலையும் போட்டு எந்த எதிரியும் நெருங்க முடியாமல் செய்துவிட்டு, எதிரிகளின் குரலை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டார்கள். கூட்டில் இருந்த முட்டையோ குஞ்சோ எதிரிக்கு இரையாகவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு அவை வளர்த்த குஞ்சுகள் 40 விழுக்காடு குறைந்தன. பயந்த தாய்க் குருவி குறைவாக முட்டையிட்டது, குறைவாக இரை கொண்டுவந்தது. எதிரி இல்லாமல் எதிரியின் ஓசையே போதுமாக இருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் மனிதனுக்கு ஒலிபெருக்கி தலைக்குள்ளேயே இருக்கிறது.

நமக்கும் கெராவுக்கும் உண்மையான வேறுபாடு இங்கேதான் என்று நினைக்கிறேன். அதற்கு அடுத்த பத்து நிமிடம் கவலை. நமக்கு அடுத்த மாதக் கடன் தவணை, அடுத்த ஆண்டு எஸ்பிஎம் என்னும் பள்ளியிறுதித் தேர்வு, அம்மாவின் ஸ்கேன் முடிவு, பத்தாண்டு கழித்துப் பிள்ளையின் வேலை. வராத எதிர்காலத்தை வந்ததுபோல மனத்தில் ஓட்டிப் பார்க்கும் திறமையால்தான் விதைநெல்லை எடுத்துவைத்தோம், வெள்ளத்துக்கு முன் கரை கட்டினோம். அந்தத் திறமையையும் பழைய காவல்காரனையும் ஒரே தலைக்குள் வைத்தால், அவனுக்கு ஓய்வே கிடையாது.

தொல்காப்பியம் அச்சத்துக்கு நான்கு காரணம் சொல்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை. முதல் முறை படித்தபோது நான்காவது எனக்குப் புதிராக இருந்தது. நம்மைக் காக்கும் தலைவனைக் கண்டு ஏன் பயம்? தண்ணீர்மலைக் குரங்கைப் பார்த்த பிறகு புரிந்தது. அந்தப் பெண் குரங்கு பயந்தது பாம்பைக் கண்டு இல்லை, தன் கூட்டத்தின் பெரிய ஆணைக் கண்டு. கூட்டமாக வாழும் விலங்குக்குக் கூட்டத்தின் கோபம், புலியைப் போலவே உயிர் சம்பந்தப்பட்டது. ஒதுக்கிவைக்கப்பட்ட குரங்கு தனியே அதிக நாள் தாங்காது. முதலாளி “என் அறைக்கு வா” என்று ஒரு வரி அனுப்பினால் கை ஜில்லிட்டுப்போவதும், மேடையில் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்வதும், வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்தும் பதில் வராவிட்டால் நெஞ்சு படபடப்பதும் அந்தப் பழைய கணக்கின் தொடர்ச்சி. விலங்கு போய்விட்டது, கள்வர் குறைந்திருக்கிறார்கள். இறை மட்டும் பெருகிவிட்டது.

அதன் அளவு சின்னது இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் பதற்ற நோயோடு வாழ்ந்தவர்கள் 30.1 கோடி. 2017இல் நம் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் இடைநிலைப் பள்ளி மாணவர்களில் ஐவரில் இருவருக்குப் பதற்ற அறிகுறிகள் இருந்தன. என் அக்கா மகள் எஸ்பிஎம் காலையில் சாப்பிட்டதை அப்படியே வாந்தியெடுத்தாள். “தைரியமா இரு, எதுக்குப் பயப்படுற?” என்று சுற்றி நின்று ஆளாளுக்குச் சொன்னோம், நானும்தான். புகைக் கருவியைப் பார்த்து ‘ஏன் அலறுகிறாய்’ என்று கேட்பதுபோல அது. இன்று அந்த இடத்தில் இருந்தால், உன் உடம்பு உன்னை ஓடத் தயார் செய்கிறது, அதற்குத் தேர்வுக்கும் புலிக்கும் வித்தியாசம் தெரியாது, அரை மணியில் தணியும் என்று சொல்லியிருப்பேன்.

தணியாமல் மாதக்கணக்கில் நீடித்து, தூக்கத்தையும் சோற்றையும் கெடுத்து, வீட்டைவிட்டு வெளியே போகவிடாமல் செய்தால் அது வேறு. அப்போது மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சல் உடம்பின் தற்காப்பு என்பதற்காக 40 டிகிரியில் யாரும் சும்மா படுத்திருப்பதில்லை. இதற்கு மருந்து உண்டு, அதைவிட நீடித்த பலன் தரும் பயிற்சியும் உண்டு. பயப்படும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக, தப்பி ஓடாமல், பதற்றம் தானாக இறங்கும்வரை எதிர்கொள்வதுதான் அந்தப் பயிற்சி. இதில் பழைய பயம் அழிவதில்லை. பாவ்லோவ் தன் நாய்களிடமே பார்த்திருக்கிறார், அணைந்துபோன பழக்கம் கொஞ்ச நாள் கழித்துத் தானாகத் தலைதூக்கும். பழைய நினைவுக்குப் பக்கத்தில் ‘இங்கே இப்போது ஆபத்தில்லை’ என்று புதிதாக ஒரு நினைவு எழுதப்படுகிறது, அவ்வளவுதான். அது மங்காமலிருக்க அடிக்கடி அதன்மேல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு மனநல ஆலோசகரின் வழிகாட்டலில் முதலில் காருக்குள்ளிருந்தபடி கடலைப் பார்த்தார். பல வாரம் அதுவே. அப்புறம் காரை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். சுமத்ராவின் ஆச்சேயில் நிலநடுக்கம் என்று கைப்பேசியில் செய்தி வந்தால் இரண்டு படி பின்னால் போய்விடுவார், மறுபடி காரிலிருந்து ஆரம்பிப்போம். நான் அவசரப்படுத்தி ஒருமுறை மணலில் இறங்கச் சொன்னதில் ஒரு மாத உழைப்பு வீணானது. அது முழுக்க என் தவறு.

போன ஞாயிற்றுக்கிழமை பாடாங் கோத்தா கடலோர உணவுக் கடைகளுக்குப் போனோம். கடல் தெரியும் மேசையாகப் பார்த்து அம்மாவே உட்கார்ந்தார், ஆனால் சாலைப் பக்கம் எழுந்து போக வசதியான நாற்காலியில். வடைத் துண்டுகள்மேல் குழம்பு ஊற்றித் தரும் பசெம்பூர் வரும்வரை கைப்பையின் வாரை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தார். தட்டு வந்தது. சுவரில் ஓர் அலை பலமாக மோதியபோது கை நின்றது, திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தட்டை என் பக்கம் தள்ளினார்.

“வடை ஊறிப் போயிடும், சாப்பிடு.”